கேட்க வந்தீர்களா... சொல்ல வந்தீர்களா? கியூபா நெருக்கடியில் நட்பு நாடுகள் பட்ட பாடு!

மண்டபம் புக் செய்து, பத்திரிகையும் அச்சடித்துவிட்டு, பெரியப்பா வீட்டுக்குப் போய் "தேதி உங்களுக்குச் சரிதானே?" என்று கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? சிரித்துக்கொண்டே காபி கொடுப்பார். ஆனால், மறக்க மாட்டார்.

1962 அக்டோபர் 22-ம் தேதி பாரிஸில், பிரெஞ்சு அதிபர் சார்ல் டி கோல் அப்படி ஒரு நிலையில்தான் இருந்தார். அவரைப் பார்க்க வந்திருந்தவர், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன். அதிபர் கென்னடியின் தூதராக, ராணுவ விமானத்தில் அவசரமாகப் பறந்து வந்திருந்தார். டி கோல் அவரிடம் நேரடியாகவே கேட்டார்: வந்திருப்பது ஆலோசனை கேட்கவா, முடிவைத் தெரிவிக்கவா? அச்சிசன் மழுப்பவில்லை. தெரிவிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றார்.

அப்படி என்ன முடிவு? அக்டோபர் 14-ம் தேதி, அமெரிக்க உளவு விமானம் ஒன்று கியூபாவின் மேல் பறந்து படம் எடுத்தது. அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்தத் தீவில், சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுத்திக்கொண்டிருப்பது அந்தப் படங்களில் தெரிந்தது. 16-ம் தேதி காலையில் கென்னடிக்கு விஷயம் சொல்லப்பட்டது. அடுத்த ஆறு நாள்கள் மூடிய அறைக்குள் விவாதம். குண்டு போடுவதா, படையெடுப்பதா, கப்பல்களை மறிப்பதா? கடைசியில் கடல் மறிப்பு என்று முடிவானது. (இங்கே இமயமலையில் இந்திய - சீனப் போர் வெடித்ததும் அதே வாரத்தில்தான்.)

22-ம் தேதி இரவு 7 மணிக்கு கென்னடி டி.வி-யில் பேசினார். முக்கியமான நட்பு நாடுகளுக்கு விஷயம் போனது, அதற்கு முந்தைய ஒரு நாளுக்குள்தான். விஷயம் கசிந்தால் மாஸ்கோ முந்திக்கொள்ளும் என்பது வாஷிங்டனின் பயம். நியாயமான பயம்தான். ஆனால், போர் மூண்டால் ஐரோப்பாவும் சேர்ந்துதானே எரியும்?

இத்தனைக்கும், நேட்டோ ஒப்பந்தத்தின் 4-வது பிரிவே பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் கூடிப் பேச வேண்டும் என்கிறது. 1956-ல் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்ஸும் அமெரிக்காவுக்குச் சொல்லாமலே எகிப்தின்மீது பாய்ந்தன. ஆம், இதே பிரான்ஸ்தான்! அந்தக் கசப்புக்கு நடுவே கனடா, இத்தாலி, நார்வே அமைச்சர்கள் மூவர் நேட்டோவுக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். எடுத்து முடித்த முடிவைச் சொல்வதற்குப் பெயர் கலந்தாலோசனை அல்ல; முடிவு உருவாகும்போதே பேச வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மூவரில் ஒருவர், கனடாவின் லெஸ்டர் பியர்சன்.

பிரிட்டனுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை கிடைத்தது. பிரதமர் மேக்மில்லனுக்கு முந்தைய இரவே செய்தி போனது. நெருக்கடி நாள்களில் கென்னடி அவரிடம் அடிக்கடி போனில் பேசினார். வாஷிங்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதர் டேவிட் ஆர்ம்ஸ்பி கோர், கென்னடியின் பழைய நண்பர். சோவியத் கப்பல்களை 800 மைலில் மறிக்காமல் 500 மைலில் மறித்தால், யோசிக்க குருஷேவுக்கு அவகாசம் கிடைக்கும் என்று அவர் சொன்னதாகவும், கென்னடி ஏற்றுக்கொண்டதாகவும் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி எழுதியிருக்கிறார். கேட்கும் தூரத்தில் ஒரு நண்பர் இருந்ததால் கிடைத்த யோசனை அது.

கனடாவின் கதை வேறு. வட அமெரிக்க வான்வெளியை இரு நாடுகளும் ஒரே கூட்டுத் தலைமையில் காத்துவந்தன. அப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்கே, டி.வி உரைக்கு சுமார் இரண்டு மணி நேரம் முன்புதான் ஆள் வந்தார். பிரதமர் டீஃபன்பேக்கருக்கு சுருக்கென்றது. அன்றிரவே நாடாளுமன்றத்தில், நடுநிலை நாடுகள் கியூபாவுக்குப் போய் உண்மையைப் பார்த்து வரட்டும் என்றார். கென்னடியை நம்பவில்லை என்று சொல்வதுபோலவே அது வாஷிங்டனில் ஒலித்தது. கனடா படைகளை உஷார்படுத்தவும் அவர் இரண்டு நாள்கள் இழுத்தடித்தார். பாதுகாப்பு அமைச்சர் ஹார்க்னஸ் பொறுக்க முடியாமல், பிரதமரின் ஒப்புதல் வருவதற்கு முன்பே சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கிவிட்டார்! சில மாதங்களில், அணு ஆயுத விவகாரத்தில் டீஃபன்பேக்கர் அரசு கவிழ்ந்தது. 1963 ஏப்ரல் தேர்தலில் ஜெயித்துப் பிரதமரானவர், அந்த அறிக்கை எழுதிய பியர்சன்.

எல்லோரையும்விடப் பெரிய விஷயம் மறைக்கப்பட்டது துருக்கியிடம்தான். அங்கே சோவியத்தைக் குறிவைத்து 15 ஜுபிடர் ஏவுகணைகள் நின்றன. அக்டோபர் 27 இரவு, ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைத் தனியாகச் சந்தித்தார். கியூபாவிலிருந்து நீங்கள் எடுத்தால், சில மாதங்களில் துருக்கியிலிருந்து நாங்களும் எடுப்போம். ஆனால் இது வெளியே தெரியக்கூடாது. இதுதான் பேரம். மறுநாளே குருஷேவ் இறங்கி வந்தார். உலகம் பிழைத்தது. 1963 ஏப்ரலுக்குள் ஜுபிடர்களும் போயின. ஆனால், தன் மண்ணில் நின்ற ஆயுதம் பேரத்தில் போனது துருக்கிக்குச் சொல்லப்படவில்லை. கென்னடியின் உதவியாளர் சோரன்சன் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1989-ல்தான்.

டி கோல்? அன்றைக்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போர் வந்தால் பிரான்ஸ் அமெரிக்காவோடு நிற்கும் என்று உறுதி சொன்ன பிறகுதான் உளவுப் படங்களையே ஆர்வமாகப் பார்த்தார். ஆனால், தன்னிடம் கேட்காமலே தன் நாட்டைப் போருக்குள் இழுத்துவிட முடியும் என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது. 1966-ல் நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து பிரான்ஸை விலக்கிக்கொண்டார். அமெரிக்கப் படைகள் மூட்டை கட்டின. நேட்டோ தலைமையகமே பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு மாறியது. பிரான்ஸ் முழுதாகத் திரும்பி வர 2009 ஆகிவிட்டது.

வந்து 12 வருடத்தில் இன்னொரு அடி. 2021 செப்டம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றும் சேர்ந்து 'ஆக்கஸ்' கூட்டணியை அறிவித்தன. பிரான்ஸிடம் 12 நீர்மூழ்கிக் கப்பல்கள் வாங்க இருந்த ஆஸ்திரேலியா, அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டது. பாரிஸ் கொதித்துப்போய், வாஷிங்டன், கான்பெராவிலிருந்து தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது. அடுத்த மாதம் ரோமில் மக்ரோனைச் சந்தித்த அமெரிக்க அதிபர் பைடன், நடந்துகொண்ட விதம் நேர்த்தியாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிரான்ஸுக்கு வெகுமுன்பே தகவல் சொல்லியிருப்பார்கள் என்றுதான் தான் நினைத்திருந்ததாகவும் சொன்னார்.