வலித்தால் மோல்டைத் திருப்பிக் கொண்டுபோங்கள்

எங்கள் தெருப் பாட்டி ஒருவர் காது மிஷினைக் கைக்குட்டையில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார். "போட்டா வலிக்குது, கழட்டுனா கேட்கலை" என்றார். காதை விலக்கிப் பார்த்தேன். மடலின் மேல் மடிப்பில் மிளகளவு சிவப்புத் தடம். மிஷினோடு சேர்த்துக் காதுக்குள் வைக்கும் மோல்டின் ஓரம் அங்கேதான் அழுத்தியிருக்கிறது. செய்தவரிடம் கொண்டுபோயிருந்தால் அந்த ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்திருப்பார். எட்டு மாதமாகப் பெரும்பாலும் டின்னிலேயே கிடக்கிறது. இப்படி எத்தனை வீடுகள்!

அச்சு எடுத்துச் செய்த மோல்டைப் புதிதாகப் போட்டால் காது அடைத்தது போலிருக்கும். சொந்தக் குரலே பானைக்குள் பேசுவது போலக் கேட்கும். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று போட்டுவந்தால் பெரும்பாலும் பழகிவிடும். பழகாவிட்டால் மோல்டில் சிறு காற்றுத் துளை போட முடியுமா என்று ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். ஆனால் வலி பழகும் விஷயமல்ல. வலித்தால் திரும்பிப் போங்கள். பிளேடாலும் உப்புத்தாளாலும் வீட்டில் நீங்களே தேய்க்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் காதில் சின்னப் புண்கூடப் பெரிதாகலாம்.

விசில் அடித்தால் உடனே மிஷினைத் திட்டாதீர்கள். மறுபக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, மோல்டின் மேல் நுனியை மடிப்புக்குள் செருகிப் பாருங்கள். பலருக்கு அதுதான் வெளியே நிற்கும். நன்றாக உட்கார்ந்தும் விசில் அடித்தால் காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், டியூப் விறைத்திருக்கலாம், மோல்டே தளர்ந்திருக்கலாம். குழந்தைகளுக்குக் காது வளர வளர மோல்டை மாற்றியே ஆக வேண்டும்; கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படும்.

அச்சு எடுக்கும்போதும் கவனம் வேண்டும். முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பிறகு நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்த பின்பே பசையை ஊற்ற வேண்டும். பஞ்சு வைக்காவிட்டால் பசை செவிப்பறை வரை போய்விடலாம். சீழ் வடிந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, காதில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். அச்சு எடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அரசு கொடுத்த கருவியா? போகவேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். முகாமில் கருவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. காதில் பொருந்தாத கருவியைக் கொடுத்து என்ன பயன்? "மோல்டு பொருந்தவில்லை, சரிசெய்து தர வேண்டும்" என்று மனு எழுதுங்கள். அடையாள அட்டை நகல், கேட்கும் திறனைச் சோதித்த ஆடியோகிராம் நகல், கருவியின் வரிசை எண், கொடுத்த தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி வெளியே வராதீர்கள். பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்து எண் வாங்குங்கள்.

கடையில் வாங்கியதென்றால் மிஷினுக்கும் மோல்டுக்கும் தனித்தனியே விலை போட்ட ரசீது கேளுங்கள். சரிசெய்ய மறுத்தால் பதிவுத் தபாலில் கடிதம். பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ரசீது இல்லாமல் போய் நின்றால் வழக்கு பலவீனமாகிவிடும், மறக்காதீர்கள்.

மோல்டைக் காட்டப் போகும் நாளில், புண் எதுவும் இல்லையென்றால், காலையில் இரண்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டே போங்கள். சிவந்த இடம் தெரிந்தால்தான் எங்கே தேய்க்க வேண்டும் என்று மோல்டு செய்தவருக்குத் தெரியும்.