2,147,483,647: இந்த எண்ணைத் தாண்டினா என்ன ஆகும்?

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாடலுக்காக யூடியூப் தன் வியூஸ் கவுன்ட்டரையே மாற்றக் காரணமான எண் இது.

அப்படி என்ன ஸ்பெஷல்?

2-ஐ 31 முறை பெருக்கி, 1-ஐக் கழித்தால் இந்த எண் வரும். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் பகா எண் இது. கம்ப்யூட்டரே இல்லாத 1772-லேயே இதை நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்காமல், வகுக்க வாய்ப்புள்ள எண்களை மட்டும் வடிகட்டி எடுத்ததுதான் அவர் செய்த தந்திரம்.

கம்ப்யூட்டருக்கு என்ன சிக்கல்?

32 பிட் இடத்தில் ஒரு பிட் பிளஸ், மைனஸ் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் எழுத முடிந்த அதிகபட்ச எண் இதுதான். இதோடு 1 சேர்த்தால் பல கம்ப்யூட்டர்களில் மதிப்பு அப்படியே மைனஸுக்குத் தாவிவிடும்.

பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் ஓடும் விநாடிகளை எண்ணித்தான் தேதியைக் கணக்கிடுகின்றன. 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8.44-க்கு அந்த எண்ணிக்கை இந்த எல்லையைத் தொடும். அடுத்த விநாடி, பழைய 32 பிட் முறையில் தேதி 1901-க்குப் போய்விடலாம்.

பயப்படணுமா?

இப்போதைய போன்கள் பெரும்பாலும் 64 பிட். அதில் சுமார் 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை. ஒருமுறை பொருத்திவிட்டு அப்டேட்டே செய்யாத பழைய கருவிகளைத்தான் அதற்குள் தேடிப்பிடித்து மாற்றியாக வேண்டும்.