பிரிட்டன் போர்ப் பதக்கங்கள்: மதிப்பை உணர்த்தும் விளிம்பு எழுத்துகள்

பிரிட்டனின் நவீன போர்ச் சேவைப் பதக்கங்களைச் சேகரிப்போர் முதலில் ஆராய்வது அவற்றின் முகப்பை அல்ல, விளிம்பையே. பதக்கம் பெற்ற வீரரின் பணி எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொதுவாக அங்குதான் பொறிக்கப்படுகின்றன.

1982-ம் ஆண்டு ஃபாக்லாந்து போருக்காக வழங்கப்பட்ட தெற்கு அட்லாண்டிக் பதக்கம் இதற்குச் சான்றாகும். போர் நிகழ்ந்த தீவுகளில் ஒரு நாளேனும் பணியாற்றியோருக்கு, நாடாவில் அணியும் ரோஜா வடிவச் சின்னமும் அளிக்கப்பட்டது. அஸென்ஷன் தீவு போன்ற தொலைவான இடங்களில் 30 நாள்கள் பணிபுரிந்தோருக்குப் பதக்கம் மட்டுமே கிடைத்தது.

இச்சின்னத்தைப் பின்னாளில் எவரும் நாடாவில் பொருத்திவிட முடியும். எனவே, விளிம்பில் உள்ள பெயரைப் பணி ஆவணங்களுடன் ஒப்பிட்டால்தான் உண்மை உறுதியாகும். அப்பெயர் தேய்த்து அழிக்கப்பட்டால், பதக்கத்தின் விலை சரிவதோடு, ஒரு வீரரின் போர்ச் சான்றும் மறைந்துவிடுகிறது.