மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெட்டி: கொழுக்கியும் வயரிங்கும்

வவுனியாவில் சரக்கெடுத்து நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று ஊர் ஊராகப் போய் விற்கும் நமது புடவை, பிளாஸ்டிக் வியாபாரிகள் சிலர், மோட்டார் சைக்கிளின் பின்னால் சிறிய இழுவைப் பெட்டி பூட்டலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். கெரியரில் ஆள் உயரத்துக்குப் பொட்டணி கட்டிக்கொண்டு ஏ-9 வீதியில் பஸ்ஸுக்கு ஒதுங்குவதைவிட அது மேல் என்பது அவர்கள் எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் லேண்ட்மாஸ்டருக்குப் பெட்டி பூட்டுவது வேறு, மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டுவது வேறு. லேண்ட்மாஸ்டர் வளைவில் சரியாது. மோட்டார் சைக்கிள் சரிந்துதான் திரும்பும்.

முதலில் பாரம். பிரித்தானியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்தான் பெட்டி இழுக்கலாம். சரக்கோடு பெட்டியின் எடை 150 கிலோ, அல்லது மோட்டார் சைக்கிளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இவற்றில் எது குறைவோ அதுவே எல்லை. அகலம் ஒரு மீற்றரைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் நம்மவர்களின் சி.டி. 100 சேரவே சேராது. பல்சர் 150 சுமார் 140 கிலோ என்றால் எல்லை 93 கிலோ. பெட்டியே 35 கிலோ இருந்தால் சரக்குக்கு மிஞ்சுவது 60 கிலோவுக்குள்தான். 1800 சி.சி. ஹோண்டா கோல்ட்விங்கின் கையேடுகூட ட்ரெயிலர் பூட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மேல்நாட்டார் வேறு கம்பனிகளின் கொழுக்கியை வாங்கிப் பூட்டி ஓடுகிறார்கள், அது அவர்கள் பொறுப்பு.

கொழுக்கியைக் கெரியரில் ஒட்டச் சொல்லாதீர்கள். கெரியர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும்; பின்னாலிருந்து இழுக்கும் பாரத்துக்குச் சில மாதங்களில் வெல்டிங் விட்டுவிடும். சேஸியில் ஷொக் அப்சோபரின் மேல் போல்ட் பூட்டும் இடம், புட்ரெஸ்ட் பூட்டும் இடம் என இரு பக்கமும் நான்கு இடங்களில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். சேஸியில் நேரடியாக வெல்டிங் செய்யக் கூடாது.

கராஜ்களில் கார் புரொப்பல்லர் சாப்டின் யுனிவர்சல் ஜொயின்டை வெட்டி ஒட்டித் தருகிறார்கள். மேலும் கீழும், இடமும் வலமும் அது நன்றாக மடங்கும். ஆனால் சுழற்சியைக் கடத்துவதற்கென்றே செய்த சாமான் அது. மோட்டார் சைக்கிள் சரிந்தால் பெட்டியையும் சரிக்கப் பார்க்கும், பெட்டி குழியில் விழுந்தால் உங்களையும் திருப்பும். ஆகவே இழுவைத் தண்டில் ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் சுழலும்படி தனி அமைப்பு வேண்டும். உருண்டைக் கொழுக்கி வாங்குவோர் 50 மில்லிமீற்றர் உருண்டைக்கு இரண்டு அங்குலக் கவ்வியைப் பூட்டிவிடக் கூடாது. இரண்டுக்கும் ஒரு மில்லிமீற்றர்கூட வித்தியாசம் இல்லைதான், ஆனால் அந்த ஆட்டம் நாளாக நாளாகப் பெருகும். எந்தக் கொழுக்கியானாலும் காவல் சங்கிலி அவசியம். மொத்த எடையில் பத்திலொரு பங்கு கொழுக்கியில் இருக்கும்படி சரக்கை அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்குங்கள். பின்னால் அடுக்கினால் பெட்டி பாம்புபோல் நெளியும்.

இனி வயரிங். பெட்டிக்கு ஒரு பிரேக் பல்ப் 21 வோட், டெயில் 5 வோட், சிக்னல் 10 வோட். சேர்த்தால் 36 வோட், 12 வோல்ட்டில் 3 அம்பியர். ஏறக்குறைய இன்னொரு ஹெட்லைட்டின் பாரம். அதை மோட்டார் சைக்கிளின் மெல்லிய வயரில் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினால் சுவிட்ச் கருகும். பெட்டரியிலிருந்து பியூஸ் போட்டுத் தனி வயர் எடுத்து, ரிலே வழியாகக் கொடுக்க வேண்டும். பழைய 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் டெயில் லைட் மெக்னட்டிலிருந்து எரிகிறது, எஞ்சின் நின்றால் அதுவும் அணையும். அப்படியானால் டெயில் ரிலேயை இயக்கும் வயரைச் சாவி சுவிட்சிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எல்.ஈ.டி. போட்டால் பாரம் மிகக் குறையும். சிக்னல் மினுக்கும் வேகம் மாறினால் எலக்ட்ரோனிக் பிளாஷர் போட வேண்டிவரும்.

எர்த்தைக் கொழுக்கி வழியாக விடுவதுதான் நான் அதிகம் காணும் கோளாறு. கொழுக்கியில் கிரீஸும் துருவும் இருக்கும், லைட் ஒரு குழிக்கு எரியும், அடுத்த குழிக்கு அணையும். எர்த்துக்கு ஐந்தாவது வயர் தனியாக ஓட வேண்டும். பெட்டியின் பின்னால் சிவப்பு ரிப்லெக்டரும் ஒட்டுங்கள், அதற்குக் கரண்ட் தேவையில்லை. மாங்குளம் பக்கம் இருட்டில் மாட்டையும் லைட் இல்லாத லேண்ட்மாஸ்டரையும் கடந்து வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வெல்டிங் கடைக்குப் போவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் இன்சூரன்ஸ் கம்பனியிலும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 100 சி.சி. வைத்திருப்போருக்கு என் யோசனை வேறு: பெட்டிக்கும் கொழுக்கிக்கும் போகும் காசை, பழைய த்ரீவீலர் ஒன்றுக்கு முற்பணமாகக் கட்டப் பாருங்கள்.