அமெரிக்கர் அந்நியப் போர்களிற் புகுந்த காரணங்கள்

ஒரு நாடு போர் தொடுப்பதற்கு இருவகைக் காரணங்கள் உண்டு. நெடுங்காலம் உள்ளே கிடந்து வளர்வது ஒன்று. ஒரே நாளில் மக்கள் உள்ளத்தைக் கொதித்தெழச் செய்வது மற்றொன்று. முன்னது விறகு, பின்னது தீப்பொறி. ஐக்கிய அமெரிக்கா அந்நிய நாடுகளிற் செய்த போர்களை ஆராய்வோர்க்கு இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

1787இல் அமெரிக்க அரசியலமைப்பை வகுத்தோர், போர்ப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை ஜனாதிபதியிடங் கொடாது, காங்கிரஸ் எனப்படும் சட்டமன்றத்திடமே ஒப்படைத்தனர். தனியொருவர் விருப்பத்தால் நாடு போருக்கு இழுக்கப்படலாகாது என்பது அவர் கருத்து. முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனும், அந்நிய நாடுகளோடு நிரந்தர நேசவுடன்படிக்கை செய்தலாகாது என 1796இல் எச்சரித்தார்.

எனினும் நாடு வளர, வாணிகமும் கடல் கடந்து வளர்ந்தது. ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்ட கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் அமெரிக்க முதல் முடங்கிக் கிடந்தது. விடுதலைக்குப் போராடிய கியூபா மக்கள்மீது அமெரிக்கருக்கு இரக்கமும் இருந்தது. 1898 பெப்ரவரி 15இல் ஹவானாத் துறைமுகத்தில் 'மேயின்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து, 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்திரிகைகள் பல ஸ்பெயினையே குற்றஞ் சாட்டின. ஏப்ரிலிற் போர் மூண்டது. முடிவில் பிலிப்பைன்ஸ் தீவுகள் அமெரிக்காவின் வசமாயின; ஆங்குள்ள விடுதலை வீரரோடு 1899இல் மற்றொரு போரும் தொடங்கிற்று. கப்பலின் நிலக்கரி அறையில் உண்டான தீயே வெடிப்புக்குக் காரணமாயிருக்கலாம் என, அட்மிரல் றிக்கோவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.

முதலாம் உலகப் போரில் அமெரிக்கா ஏறக்குறைய மூன்றாண்டுகள் நடுநிலை வகித்தது. ஆயினும் அதன் வங்கிகள் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் பெருங்கடன் கொடுத்திருந்தன. 1917இல் ஜேர்மனி தன் நீர்மூழ்கிகளைக் கொண்டு நடுநிலை நாடுகளின் கப்பல்களையுந் தாக்கத் துணிந்தது. அமெரிக்காவுடன் போர் மூளின் தன்னோடு சேருமாறும், சேர்ந்தால் டெக்சாஸ் முதலிய பகுதிகளை மீட்கத் துணைபுரிவதாகவும் மெக்சிக்கோவுக்கு அது அனுப்பிய இரகசியத் தந்தி அம்பலமாயிற்று. ஏப்ரில் 6இல் போர்ப் பிரகடனம் நிறைவேறியது.

1941இல் ஐயத்துக்கிடமே இருக்கவில்லை. சீனாவில் யப்பான் நடாத்திய போரும், அமெரிக்கா யப்பானுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியதும் விறகாயின. டிசெம்பர் 7இல் பேர்ள் துறைமுகத்தில் விழுந்த குண்டுகள் தீப்பொறியாயின. மறுநாள் காங்கிரசில் எதிர்த்து வாக்களித்தவர் ஒருவரே. அவர் ஜெனற் றாங்கின் அம்மையார். 1917இலும் போரை எதிர்த்து வாக்களித்தவர்.

1942இன் பின்னர் காங்கிரஸ் முறைப்படி எப்போரையும் பிரகடனஞ் செய்யவில்லை. போர்கள் மட்டும் ஓயவில்லை. பொதுவுடைமை பரவுதலைத் தடுத்தல் புதிய காரணமாயிற்று. 1950இல் ஜனாதிபதி ட்ரூமன், ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானத்தைத் துணையாகக் கொண்டு கொரியாவுக்குப் படை அனுப்பினார். 1964 ஆகஸ்டில் டொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டனவென அறிவிக்கப்பட்டது. உடனே காங்கிரஸ், ஜனாதிபதி ஜோன்சனுக்குப் படைபலத்தைக் கையாள அனுமதி அளித்தது. பிரதிநிதிகள் சபையில் எதிர்வாக்கு ஒன்றேனும் இல்லை. செனற் சபையில் இரண்டே. இரண்டாவது தாக்குதல் நிகழவேயில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குள் வியட்நாமில் 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கரும், அவரினும் பன்மடங்கு வியட்நாம் மக்களும் உயிர் துறந்திருந்தனர். ஜனாதிபதியின் போரதிகாரத்தைக் கட்டுப்படுத்தக் காங்கிரஸ் 1973இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் பின்னும், பேரழிவு ஆயுதங்கள் உளவெனக் கூறி 2003இல் ஈராக்கின்மேற் படையெடுப்பு நடந்தது. அவ்வாயுதக் குவியல்கள் கண்டுபிடிக்கப்படவில்லை.

வாணிகம், பாதுகாப்பு, கொள்கை, இரக்கம் ஆகிய யாவும் அமெரிக்கரைப் போருக்கு அழைத்துச் சென்றுள்ளன. அவற்றுட் சில மெய்யானவை. சில மெய்போலத் தோன்றியவை. அவற்றை வேறுபடுத்தி அறிவதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். போர் முழக்கங் கேட்கும் நாளிலோ அவ்விரண்டுமே அரியவாகின்றன. காங்கிரசில் நின்று நிதானித்து ஆராயவேண்டுமென அன்று அரசியலமைப்பை வகுத்தோர் விதித்ததன் பொருள் இதுவே.