முட்டைச் சீமையில் ரத்தசோகை

சேந்தமங்கலத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு கோழிப்பண்ணை வந்துவிடும். நாடு முழுக்க முட்டை அனுப்பும் மாவட்டம் இது. இங்கேயுமா ரத்தசோகை என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. முட்டை அதைத் தீர்க்காது. ஒரு முட்டையில் உள்ள இரும்பு சுமார் ஒரு மில்லிகிராம்தான்; அதையும் மஞ்சள் கருவில் இருக்கும் பாஸ்விட்டின் என்ற புரதம் எளிதில் விடுவதில்லை. ஐசிஎம்ஆர் கணக்கில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 29 மில்லிகிராம். புரதத்துக்கும் பி12 வைட்டமினுக்கும் முட்டை சாப்பிடத்தான் வேண்டும். குச்சிக்கிழங்கும் ஜவ்வரிசியும் வயிற்றை நிரப்புவதோடு சரி.

இந்த நோய் மெல்ல மெல்ல வருவதுதான் வம்பு. ஹீமோகுளோபின் மாதக்கணக்கில் குறையும்போது இதயம் கூடுதலாகத் துடித்து ஈடுகட்டுகிறது. சிவப்பணுக்களும் கையிலுள்ள ஆக்சிஜனைத் திசுக்களுக்குத் தாராளமாக விட்டுக்கொடுக்கின்றன. அதனால் 12 கிராம் இருக்க வேண்டிய பெண் எட்டு கிராமோடு சமைத்து, துவைத்து, வேலைக்கும் போய் வருவார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், படபடக்கும், குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும். "வயசாயிடுச்சு" என்பார். மகளுக்கு வந்தால் வீட்டில் வைக்கும் பெயர் சோம்பேறி. படிப்பில் கவனம் நிற்காததற்குத் திட்டும் வாங்குவாள்.

அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல், பல்பம், செங்கல் தூள் என்று ஆசை வேறு பக்கமும் போகும். கெட்ட பழக்கம் என்று அதட்டுகிறோம். பல நேரங்களில் அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. இரும்பு மாத்திரை உள்ளே போகத் தொடங்கியதும் அந்த ஆசை பெரும்பாலும் விட்டுப்போகும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருக்கும். முற்றினால் நகம் நடுவில் குழிந்து கரண்டிபோல் ஆகும்.

ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போனால் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதவிடாய் அதிகமுள்ளவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவ ரத்தப்போக்கைத் தாங்க முடியாத நிலை என்று ஆபத்து கூடுகிறது.

எல்லாச் சோகையும் இரும்புக் குறையால் வருவதில்லை. 1952-லேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் பதிவான சிக்கிள் செல் சோகை பரம்பரையாக வருவது. இரும்பு மாத்திரையால் தீராது. பழங்குடியினர் வாழும் கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கும் நமக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ரத்தம் குறைந்தால் குடல்புண், மூலம், புற்றுநோய் என எங்காவது கசிகிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்தாதீர்கள். டீயோடு மட்டும் விழுங்காதீர்கள், எலுமிச்சைச் சாறு நல்லது. ஹீமோகுளோபின் தேறிய பிறகும் மூன்று மாதமாவது தொடருங்கள். சேமிப்பில் இரும்பு சேர அவ்வளவு நாள் ஆகும்.