தானே விலை ஏற்றும் சீட்டு

சத்தியமங்கலம் பூ மார்க்கெட் ஏலத்தில் எதிராளி கேட்கும் விலை காதில் விழும். ஏற்றுவதா, விட்டுவிடுவதா என்று அங்கேயே முடிவு செய்யலாம். ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்கு மறைமுக ஏலத்தில் அந்த வசதி கிடையாது. மாதிரியைப் பார்த்துவிட்டு ஒரு விலை எழுத வேண்டும். தேவைக்கு மேல் பல நூறு கூட்டி எழுதிவிட்டாலும் எழுதியது எழுதியதுதான்.

அமெரிக்காவில் வீடு வாங்குவோர் பலர் மூடிய சீட்டுக்குள்ளேயே திறந்த ஏலத்தை நுழைத்துவிடுகிறார்கள். சத்தியமங்கலம் ரங்கசமுத்திரத்து வீடு ஒன்றுக்கு அதை எழுதினால் இப்படி இருக்கும்: "50 லட்சம் தருகிறேன். வேறு யாராவது கூடக் கேட்டால் அவர் விலைக்கு மேல் 50 ஆயிரம். ஆனால் 56 லட்சத்தைத் தாண்டமாட்டேன்." அடுத்தவர் 53 லட்சம் எழுதியிருந்தால் இவருக்கு 53.5 லட்சத்தில் முடியும். 57 என்றால் இவர் ஒதுங்கிக்கொள்வார்.

சிக்கல் அந்த 56-ல் இருக்கிறது. உச்ச விலையை விற்பவர் கையிலேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நம்மூர்த் தரகர் அதைப் பார்த்தபின் 53.5-க்கு விடுவாரா என்ன! அதனால்தான் போட்டியாளரின் கடிதத்தைக் காட்ட வேண்டும் என்றும் அங்கே நிபந்தனை சேர்க்கிறார்கள்.

உச்சவரம்பே இல்லாத சீட்டு ஒன்று லண்டன் வரை வழக்காகப் போனது. கனடாவில் ஒரு நிறுவனப் பங்குகளுக்கு ஹார்வெலா நிறுவனம் மூடிய உறையில் 21,75,000 டாலர் எழுதியது. சர் லியோனார்ட் அவுட்டர்பிரிட்ஜ் எழுதியதோ 21,00,000 டாலர், அல்லது வேறு எவர் விலைக்கும் மேல் 1,01,000 டாலர். விற்றவர்கள் 22,76,000 என்று கூட்டி அவருக்கே ஒப்புக்கொண்டார்கள். 1985-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அது செல்லாது என்றது. எல்லோரும் அப்படியே எழுதினால் யாருக்கு விற்பது? பங்குகள் ஹார்வெலாவுக்கே போயின.

தானே விலை ஏற்றும் வழி நம் நாட்டிலும் உண்டு. கடன் கட்டாத வீடுகளை 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கிகள் இணையத்தில் ஏலம் விடுகின்றன. சில ஏலத் தளங்களில் உச்ச விலையைப் பதிந்துவிட்டால் கணினியே படிப்படியாக ஏற்றிக் கேட்கும்; போட்டியாளருக்குத் தெரிவது அப்போதைய விலை மட்டும். சீட்டைவிட இது மேல். ஆனால் வென்றவர் முன்வைப்புத் தொகையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியை, விற்பனை உறுதியானதிலிருந்து பொதுவாக 15 நாளுக்குள். தவறினால் கட்டிய பணம் போய்விடும். எனவே வில்லங்கச் சான்று பார்த்து, வீட்டுக் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுக்கொண்ட பிறகே அந்த உச்ச விலையைப் பதிய வேண்டும்.